12 வோல்ட் பேட்டரியில் ரவுட்டர்: பக் போதுமா, பக்-பூஸ்ட் வேண்டுமா?

பெயர்தான் 12 வோல்ட் பேட்டரி. சோலார் சார்ஜ் ஏறும்போது மல்டிமீட்டர் 14.4 காட்டும். இரவு முழுக்க ஓடி நன்றாக இறங்கினால் 10.5 வரை வந்துவிடும். ரவுட்டருக்கோ நிலையாக 12 வேண்டும்.

எல்எம்2596 பக் மாட்யூல் (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சிறு சர்க்யூட்) விலை குறைவு, 40 வோல்ட் வரை தாங்கும், எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது குறைக்க மட்டுமே செய்யும். அதிலும் உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிட ஒன்று, ஒன்றரை வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். பேட்டரி 12.5-க்கு வந்ததுமே வெளியே 11 சொச்சம்தான். நான் முதலில் இதைத்தான் மாட்டினேன். பகலெல்லாம் நன்றாக ஓடிய ரவுட்டர் விடியற்காலையில் தானாக ரீஸ்டார்ட் ஆனது.

பக்-பூஸ்ட் மாட்யூல் வோல்டேஜைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும்; இரண்டு பக்கமும் சமாளிக்கும். 14.4 வந்தாலும் 10.5 வந்தாலும் வெளியே 12தான். விலை கொஞ்சம் கூடுதல், சூடும் கொஞ்சம் கூடுதல். பேட்டரி இறங்க இறங்க அதிக கரண்ட் இழுக்கும்: 12 வோல்ட் 1 ஆம்பியர் கொடுக்க, 10.5-இல் சுமார் 1.3 ஆம்பியர். வயரை அதற்கேற்பப் போடுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூட்ட மட்டுமே தெரிந்த வெறும் பூஸ்ட் மாட்யூலும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதை மாட்டினால் 14 வோல்ட் அப்படியே ரவுட்டருக்குப் போய்விடும்.

5 வோல்ட்டில் ஓடும் ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் மட்டும் ஓட வேண்டுமா? சரி, அப்போது பக்கே போதும்.