பதினாறு பெட்டிகளா, ஐந்து அளவுகோல்களா?

குன்னூரில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு ஆளுமைத் தேர்வுகளையும் வைத்துப் பார்த்தோம். மையர்ஸ்-பிரிக்ஸ் மனிதரை 16 வகைகளில் ஒன்றில் அடைக்கிறது. பேச்சைத் தொடங்க உதவும்; ஆனால் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வகையே மாறிவிடுகிறது. ஐம்பெரும் பண்புகள் தேர்வு வகை பிரிப்பதில்லை. பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை போன்ற ஐந்தையும் கூடுதல் குறைவாக அளக்கிறது. இவற்றுள் வேலைத்திறனோடு அதிகம் ஒத்துப்போவது பொறுப்புணர்வுதான்.

மையர்ஸ்-பிரிக்ஸில் ‘உள்முகம்’ என்று முத்திரை விழுந்த அண்ணன் ஒருவர், இரவுப் பணியில் பறித்த தேயிலையை வாட்டும் வாடல் தொட்டியிலிருந்து ஒரு பிடி இலையை அள்ளி, கசக்கி, முகர்ந்து பார்த்து, “போதும்” என்பார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவருக்கு மேற்பார்வையாளர் பதவி வேண்டாமென்று அந்த முத்திரையைக் காட்டியபோது எனக்குக் கோபமே வந்தது. ஆளெடுக்க அந்தத் தேர்வைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள்.