பெரிய வீல் மாட்டும் முன் போல்டையும் ஹப்பையும் பாருங்கள்: எனக்கு நடந்தது

சொகுசு செடான் வைத்திருப்பவர்கள், 17 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 20 அங்குலம் போடலாம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

என் காரோடு வந்த டயர் 225/55 ஆர்17. கடைக்காரர் 245/35 ஆர்20 போடச் சொன்னார். "வெளி அளவு ஒண்ணுதான் சார், ஸ்பீடோமீட்டர்கூட மாறாது" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு டயருக்குமே விட்டம் கிட்டத்தட்ட 679 மில்லிமீட்டர்தான். அந்த ஒரு கணக்கு சரியாக இருந்ததால் மற்றதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பிவிட்டேன்.

நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. கடைக்குப் போனேன், பேலன்சிங் (வீலைச் சுற்றவிட்டு எடையைச் சமன்செய்வது) செய்து கொடுத்தார்கள். நடுக்கம் போகவில்லை. மறுபடியும் பேலன்சிங். மூன்றாவது முறை போனபோது, "பெரிய வீல்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் சார், பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதிலை யாரும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒழுங்காகப் பொருந்திய வீல் 20 அங்குலமானாலும் நடுங்காது.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். முன்பக்க வீலின் போல்டில் ஸ்பேனரை வைத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாதி பலம்கூடப் போடவில்லை, போல்ட் சுழன்று வந்துவிட்டது. அதைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். தலைக்கு அடியில் ரிம்மோடு உட்காரும் பகுதி பந்து மாதிரி உருண்டையாக இருந்தது. பழைய வீலுக்கு வந்த போல்ட் அது. புது ரிம்மின் துளையோ கூம்பு வடிவம். உருண்டை கூம்பில் முழுதாக உட்காராது, ஒரு கோடு அளவுக்குத்தான் ஒட்டும். துளைக்குள் அந்தக் கோடு தேய்ந்து வளையமாகப் பளபளத்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. முந்தின வாரம்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போய் வந்திருந்தேன்.

நடுக்கத்துக்கான காரணமும் அங்கேயே இருந்தது. என் காரின் ஹப், அதாவது வீல் வந்து உட்காரும் அச்சின் நடுப்பகுதி, 66.6 மில்லிமீட்டர் விட்டம். ரிம்மின் நடுத்துளை 73.1. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட்டிருக்க வேண்டும். மலிவான பொருள்தான், அதைக்கூடப் போடவில்லை. வீல் மையத்தில் உட்காராமல் போல்டுகளை மட்டும் நம்பி நின்றிருக்கிறது. இதைக் காரில் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். பேலன்சிங் மெஷினில் எத்தனை முறை சுற்றினாலும் தெரியாது.

டயரிலும் ஏமாற்றுதான். பழைய டயரின் சுமைக் குறியீடு 97, அதாவது ஒரு டயர் 730 கிலோ தாங்கும். இவர்கள் போட்டது 91, வெறும் 615 கிலோ. இதே அளவில் 95 குறியீட்டு டயரும் கிடைக்கிறது, அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. தயாரிப்புத் தேதியைச் சொல்லும் நான்கு இலக்கம் உள்பக்கமாக இருந்தது, மாட்டிய பிறகு கண்ணில் படாது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. புதுசு என்று விற்ற டயர், வாங்கும்போதே மூன்று வயதைத் தாண்டியிருந்தது.

கடையில் போய்க் கேட்டேன். "ஓட்டின வீலைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார்கள். பில்லில் 'அலாய் வீல் 4, டயர் 4' என்று மட்டும் எழுதியிருந்ததால் என்னாலும் வாதாட முடியவில்லை. நீங்கள் வாங்கினால் ரிம்மின் அகலம், ஆஃப்செட் (ஹப்போடு ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு), நடுத்துளை அளவு, டயரின் சுமைக் குறியீடு, தயாரிப்பு வாரம் எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே வெறும் ரிம்மை ஹப்பில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இப்போது பழைய 17 அங்குல வீலிலேயே ஓட்டுகிறேன். அந்த நான்கு ரிம்மையும் கேட்டு ஒருவர் வந்தார். தேய்ந்த துளைகளைக் காட்டி, தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.