மார்கழிக் காலைக்கு ஏற்ற 8×42 பைனாகுலர்

பைனாகுலர் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெருசா காட்டும்?" என்பதுதான். கடையிலும் 20×50 என்று போட்ட பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். நான் வாங்கியது 8×42; அதாவது எட்டு மடங்கு பெருசாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம். ஐப்பசியிலிருந்து மாசி வரை மதுரைப் பக்கம் பறவை பார்க்க இதற்கு மேல் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் வெளிச்சம். முன் கண்ணாடியின் அகலத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இதில் 5.25 மி.மீ.; 20×50-இல் வெறும் 2.5. உச்சி வெயிலில் வித்தியாசம் தெரியாது. மார்கழி ஆறரை மணிக்கு, பனி இறங்கிய சாமநத்தம் கண்மாய்க் கரையில் நின்றால் நன்றாகத் தெரியும். அந்த மங்கலிலும் புள்ளிமூக்கு வாத்தின் மூக்கு நுனி மஞ்சளைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. 20 மடங்கில் கை நடுக்கமும் இருபது மடங்காகிவிடும். வாத்து ஒரு இடத்தில் நிற்காது.

கண்மாய்க்கரை மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் உட்கார்ந்திருந்தது. குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வருவது. பிடித்த தேனீயைக் கம்பியில் அடித்து அடித்து, கொடுக்கை நீக்கி விழுங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என்னத்தா பாக்குற?" என்றார். "நீங்களே பாருங்கய்யா" என்று கொடுத்தேன். "அட, கழுத்துல காவி பூசியிருக்கே!" என்றார். தினமும் பார்க்கிற பறவைதான், அந்த நிறத்தை அன்றுதான் பார்த்திருக்கிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மரங்களுக்கும் இதே பைனாகுலர்தான். தை மாதத்தில் அழகர்கோயில் பக்கம் முள்ளிலவு இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். மறைக்க இலை இல்லாததால் தேன் குடிக்க வரும் மைனா, கரிச்சான், வலசை வந்த சூறைக்குருவி எல்லாம் தெளிவாகத் தெரியும். பூவுக்குள் தலையை விட்டு எடுக்கும்போது நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருப்பது வரை பார்க்கலாம்.

குறைகள் உண்டு. கூட வந்த வார் மெலிசு, ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது. அகலமான வார் தனியாக வாங்கிவிடுங்கள். லென்ஸ் மூடி லூஸ். அப்புறம், அரிட்டாபட்டிக்கு இது போதாது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அங்கே பாறை உச்சியில் உட்காரும் லகுடு, வல்லூறு என்ற வேட்டைப் பறவைகளைப் பிரித்தறிய 10×42-ஐத் தாங்குகாலில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

வாங்கியதும் வலது கண் பக்கத்து வளையத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, அந்த வளையத்தை மட்டும் திருகுங்கள். என்னைப் போல மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் குழலை முழுதாக இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் காட்சிதான் தெரியும்.