சிகர்ஜியா, சித்தாசலமா?

அமெரிக்காவில் வாழும் சமணக் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி: அப்பா அம்மாவை ஜார்க்கண்டில் உள்ள சமணப் புனித மலையான சம்மேத சிகர்ஜிக்கே கூட்டிப்போவதா, அதைப் பார்த்து நியூ ஜெர்சியின் சித்தாசலம் ஆசிரமத்தில் அமைத்த பிரதி போதுமா?

நடை: சிகர்ஜியில் ஏற 9 கிலோமீட்டர், மேலே சுற்ற 9, இறங்க 9. அடிவாரத்து மதுபனில் விடியும் முன்பே தடியும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். மலையில் எதுவும் சாப்பிடாதவர்கள் பலர். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் டோலி உண்டு.
சித்தாசலம்: சின்னக் குன்றுதான். பேரப்பிள்ளைகளும் ஏறிவிடுவார்கள்.

புனிதம்: சமணத்தின் வழிகாட்டிக் குருமார்களான 24 தீர்த்தங்கரர்களில் 20 பேர் முக்தியடைந்த மலை அது. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சன்னதி, உள்ளே கல்லில் பாதச்சுவடு. உச்சியில் 23ஆம் தீர்த்தங்கரரான பார்சுவநாதரின் சன்னதி.
இங்கே, 1983இல் ஆச்சார்யர் சுசீல் குமார் தொடங்கிய ஆசிரமம். சிகர்ஜியின் பிரதி 2012இல் திறக்கப்பட்டது. சன்னதிகளைக் கொண்டுவரலாம், மண்ணைக் கொண்டுவர முடியுமா?

செலவு: ஒன்றுக்கு விமான டிக்கெட், இன்னொன்றுக்குப் பெட்ரோல்.

பருவம்: அங்கே மழைக்காலத்தில் வழுக்கும், இங்கே குளிர்காலத்தில் பனி.

உடம்பில் தெம்பிருந்தால் ஒருமுறையாவது சிகர்ஜிதான். வருடாவருடம் போகவும் பிள்ளைகளுக்குப் பழக்கவும் சித்தாசலம் சரி.