இரண்டடிச் சுவரும் ஒன்றரை டன் ஏசியும்: செட்டிநாட்டு வீட்டில் பழைய ஏசியை நாமே மாற்றுவதென்றால்

எங்கள் வீட்டின் முதல் கட்டில், வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, ஒரு கதவும் பக்கத்துச் சந்துக்கு ஒரு ஜன்னலும் கொண்ட அறையில், அப்பச்சி 1998-இல் வைத்த ஒன்றரை டன் ஜன்னல் ஏசி போன சித்திரையில் நின்றுபோனது. சுவிட்சைப் போட்டால் விசிறி ஓடும். கம்ப்ரசர் ஒரு முறை முக்கி, 'டக்' என்ற ஓசையோடு அடங்கிவிடும். அதில் இருந்தது ஆர்-22 என்ற குளிர்வாயு. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகளில் 2030-க்குள் அநேகமாக முழுவதும் விலக்கப்பட வேண்டிய அந்த வாயுவை நம்பி, இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைத்த ஓர் இயந்திரத்துக்குப் புதுக் கம்ப்ரசர் போடுவது வீண் என்று முடிவு செய்து, அதன் இடத்தில் எதை வைப்பது, அதையும் ஆளை அழைக்காமல் நாமே வைக்க முடியுமா என்று இரண்டு வாரம் அலசினேன். மறுபடியும் ஜன்னல் ஏசி, ஸ்பிளிட் ஏசி, உருட்டிச் செல்லும் போர்ட்டபிள் ஏசி, ஏர்கூலர் ஆகிய நான்கும் போட்டியில் இருந்தன.

காரைக்குடிக் கடைகளில் கேட்கும் முதல் கேள்வி, "ரூம் எத்தனைக்கு எத்தனை?" என்பதுதான். எங்கள் அறை பன்னிரண்டுக்குப் பதினான்கு; அதாவது 168 சதுர அடி. பத்தடி உயரமுள்ள அடுக்ககத்து அறையாக இருந்தால் 1,680 கன அடியோடு கணக்கு முடிந்துவிடும். நம் வீட்டு அறையின் உயரம் பதினான்கு அடி. ஆகவே உள்ளிருக்கும் காற்று 2,352 கன அடி, நாற்பது விழுக்காடு கூடுதல். ஆனால் இதைக் கேட்டவுடன் இரண்டு டன்னுக்குத் தாவிவிடவும் கூடாது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கீழேயே தங்கும். மேலே எட்டடிக்கு அப்பால் காற்று சூடாக இருந்தால், கட்டிலில் படுத்திருப்பவருக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. உண்மையான சுமை காற்றில் இல்லை, சுவரில் இருக்கிறது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைச் சித்திரையில் திறந்தால், இரண்டடிச் செங்கல் சுவர் உள்வரை சூடேறி நிற்கும். ஏசி முதல் மாலை முழுவதும் அந்தச் சுவரோடுதான் மல்லுக்கட்டும். "புது ஏசி குளுமையே இல்லை" என்று முதல் நாள் எழும் புகார்களில் பாதி இதனால் வருவதே. படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே ஓட விட்டால், மறுநாள் அதே சுவர் குளிர்ச்சியைப் பிடித்துவைத்துக்கொண்டு நமக்கு உதவும். எனவே எந்த வகை ஏசியை வாங்கினாலும் ஒன்றரை டன் போதும், அதாவது மணிக்கு 18,000 பி.டி.யு.

நாமே மாற்றுவது என்ற கோணத்தில் பார்த்தால், இவற்றில் ஏசி மூன்றையும் பிரிக்கும் கோடு ஒன்றே ஒன்றுதான்: குளிர்வாயு ஓடும் குழாய்ச் சுற்று தொழிற்சாலையில் மூடி வந்ததா, வீட்டில் நம் கையால் இணைக்கப்பட வேண்டியதா என்பது. ஜன்னல் ஏசியும் போர்ட்டபிளும் மூடி வருபவை.   ஜன்னல் ஏசியை நாமே மாற்றிவிட முடிவதற்குக் காரணம் ஒன்றே: வாயுவைத் தொட வேண்டியதில்லை.

ஸ்பிளிட் அப்படியல்ல. உள்ளலகு, வெளியலகு இரண்டையும் செப்புக் குழாயால் இணைத்து, குழாய் முனைகளை விரித்து, நட்டுகளை அளவான முறுக்கில் இறுக்கி, வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதும் இழுத்த பிறகே வாயுவைத் திறந்துவிட வேண்டும். இன்று பெரும்பாலானவற்றில் நிரப்பப்படும் ஆர்-32 வாயு, பழைய ஆர்-22-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஓடுவது, அத்துடன் மெல்ல எரியும் தன்மை உடையது. அதனோடு சேரும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. உள்ளே ஈரம் தங்கினால் நாளடைவில் அமிலம் உண்டாகிக் கம்ப்ரசரைத் தின்றுவிடும். சென்னையில் என் தம்பி வீட்டில் பொருத்த வந்தவர் பம்ப் கொண்டுவராமல், வெளியலகின் வாயுவையே கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயில் இருந்த காற்றைத் தள்ளிவிட்டுப் போனார். அடுத்த கோடைக்கு அந்தக் கம்ப்ரசர் இல்லை. தொழிலாகச் செய்பவரே இப்படிச் செய்கையில், யூடியூப் பார்த்துவிட்டு நாம் இறங்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. உத்தரவாதமும் பல நிறுவனங்களில் அவர்களுடைய ஆள் பொருத்தினால்தான் செல்லும்.

ஆனாலும் ஸ்பிளிட்டை இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிவிட முடியாது. சத்தம் குறைவு, தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் வகையில் மின்சாரம் குறைவு, ஜன்னல் அடைபடாமல் வெளிச்சம் வரும் என்று அதன் பக்கம் நியாயம் நிறையவே உண்டு. கூலி கொடுத்து ஆளைக் கூப்பிட்டே பொருத்தலாம் என்று நினைத்துத்தான் நானும் ஒருவரை வரச் சொன்னேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கதவு நிலையில் கைவிரித்துக் கனத்தை அளந்தார், பிறகு சொன்னார்: "அண்ணே, செவரு ரெண்டடி இருக்கு. எங்கிட்ட உள்ள பிட்டு ஒரு அடிதான். ரெண்டு பக்கமும் இருந்து தொளைக்கணும், நடுவுல சேராமப் போனா நான் பொறுப்பில்ல."

துளை சேர்வது சேராதது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சுவரின் மேல் இருப்பது சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பல பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு. விரல் நுனியால் தடவினால் இன்றும் பளிங்கைப் போல வழுக்குகிறது. ஜன்னல் வெளிச்சம் அதில் மங்கலாகத் தெரிகிறது. அதிர்வோடு துளைக்கும் இயந்திரத்தை அதில் வைத்தால் துளையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சு பொரிந்துவிடும். நீர் ஊற்றித் துளைத்தால் சுண்ணாம்பில் கறை இறங்கும். கடையில் விற்கும் சுவர்ப்பூச்சுப் புட்டியை வைத்து அடைத்தால், வெள்ளை வேட்டியில் வேறு வெள்ளையில் ஒட்டுப்போட்டது போல அது காலத்துக்கும் கண்ணில் குத்தும். இதற்கெல்லாம் மேலே, வீடு எனக்கு மட்டும் உரியது அல்ல. செய்தியைக் கேட்ட பெரிய ஆச்சி, "செவத்துல ஓட்டை போடுறதுன்னா பங்காளிக அம்புட்டுப் பேருக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்புடணும்ப்பா" என்றார்கள். பங்குள்ள குடும்பங்கள், எங்கள் பேச்சில் புள்ளிகள், பதினொன்று; அவர்களில் மூவர் மலேசியாவில்.

வளவைச் சுற்றியுள்ள உள்ளறைகளுக்கு ஸ்பிளிட் இன்னும் கடினம். வெளிச்சுவரே இல்லாத அறையிலிருந்து குழாயை வெளியே கொண்டுபோக இரண்டு மூன்று சுவர் தாண்ட வேண்டும். வழக்கமாகப் பெட்டியுடன் வரும் மூன்று மீட்டர்க் குழாய் எந்த மூலைக்கும் எட்டாது. நீளம் கூடினால் குழாய்க்குக் காசு, கூடுதல் வாயுவுக்குக் காசு. வெளியேறும் தண்ணீர்க் குழாய்க்கோ வழி நெடுகச் சரிவு வேண்டும்.

போர்ட்டபிள் ஏசிக்குச் சுவரில் கை வைக்க வேண்டாம், அட்டைப் பெட்டியைப் பிரித்து அரை மணியில் ஓட விடலாம் என்பதால் அதன் மேல் எனக்கும் ஆசை இருந்தது. ஒற்றைக் குழாய் வைத்த வகை அறைக் காற்றையே எடுத்து, அதில் வெப்பத்தை ஏற்றி வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். நம் வீட்டுத் தேக்குக் கதவுகளின் இடுக்கிலும், மேலே காற்றுப்போக்கிக் கண்களிலும் அது சூடாக வந்து சேரும். ஒரு கையால் குளிர்வித்து மறு கையால் வெயிலை அழைப்பது போன்ற வேலை. கம்ப்ரசர் அறைக்குள்ளேயே இருப்பதால் இரைச்சலும் நம்மோடுதான். உள்ளறையில் வைத்தால் அந்த வெப்பக் குழாயை வளவில்தான் விட வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு வந்து அங்கே பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினர்கள் என்ன சொல்வார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்காரருக்கு இது பொருந்தலாம்.

ஏர்கூலரைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. சித்திரை, வைகாசிப் பகலில் வெளியே 38 பாகை வெப்பமும் 40 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், நல்ல கூலர் ஒன்று ஏறக்குறைய 29 பாகைக் காற்றைத் தரும். கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தால்தான் அது வேலை செய்யும் என்பதும், வளவு வழியாகக் காற்று ஓடும்படி கட்டப்பட்ட நம் வீட்டுக்கு இடைஞ்சல் அல்ல. இரவில் நிலைமை மாறிவிடுகிறது. 29 பாகையும் 75 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றை 26 பாகைக்கு இறக்கினாலும், அதைக் கிட்டத்தட்ட ஈரத்தில் தோய்த்தே தருகிறது, உடல் பிசுபிசுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். பகல் தூக்கத்துக்குப் பட்டாலையில் (உள் திண்ணையில்) ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஏசிக்கு மாற்றாக அல்ல.

மீதம் இருப்பது ஜன்னல் ஏசி. அதிலும் ஒரு கண்ணி உண்டு. கடைக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. அந்தப் பெட்டி தன் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக வெளிக்காற்றை இழுத்து, பின்பக்கம் சூடாக ஊதுகிறது. ஒன்பது அங்குலச் சுவரில் அந்தப் பிளவுகள் தாமாகவே வெளியே நிற்கும். இரண்டடிச் சுவரில் சரியாகப் பெட்டி அளவுக்கு ஓட்டை போட்டு நுழைத்தால், பிளவுகள் முழுவதும் சுவருக்குள் புதைந்து இயந்திரம் மூச்சு முட்டிச் சாகும். ஆகவே செட்டிநாட்டு வீட்டில் ஜன்னல் ஏசி ஜன்னலில்தான் இருக்க வேண்டும். எங்கள் ஜன்னல் மூன்றரை அடி அகலம்; பெட்டி 66 சென்டிமீட்டர். இரு பக்கமும் ஏறக்குறைய எட்டு அங்குல இடம் இருந்தும், நான் ஆங்கிள் இரும்பில் ஒரு தாங்கி செய்து, பிளவுகள் சுவரின் வெளிவிளிம்பைத் தாண்டும்படி பெட்டியை முன்னே தள்ளி வைத்தேன். அப்பச்சி காலத்தில் பட்டறைக்காரர் அதை உள்ளே தள்ளியே வைத்திருந்தார். ஊதிய வெப்பத்தையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு அது இத்தனை ஆண்டு ஓடியது பெரிய விஷயம்.

பழையதை இறக்கியபோது உள்ளே இருந்தவற்றையும் சொல்ல வேண்டும். பின்பக்கத் தகட்டுச் செதில்களில் மண்குளவி வரிசையாகக் கூடு கட்டியிருந்தது. விசிறிக்குக் கீழே, தேங்காய் நாரும் பஞ்சும் சிவப்புப் பட்டு நூலும் சேர்த்து அணில் ஒரு மெத்தை போட்டிருந்தது. தாங்கிய மரப்பலகையை விரலால் அழுத்தினால் உள்ளே போனது, கறையான். பூட்டிக் கிடக்கும் வீட்டில் எந்த ஏசியானாலும் இந்தக் குடித்தனக்காரர்கள் வருவார்கள். இன்வெர்ட்டர் வகையில் இவர்களோடு பல்லியும் சேரும்: மின்னணுப் பலகையின் இரு முனைகளுக்கு நடுவே பல்லி படுத்தால் பலகையும் போகும், பல்லியும் போகும். ஸ்பிளிட்டின் வெளியலகில் இருப்பது செம்பு என்பதால் மனிதரும் வருவார்கள்.

இன்வெர்ட்டரா, சாதாரண வகையா என்ற கேள்வியை வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதை வைத்தே தீர்க்க வேண்டும். இரண்டுக்கும் மணிக்கு அரை யூனிட் வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், செவ்வாய்ப் பொங்கல் விழாவுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் முன்னோருக்கான ஒரு படைப்புக்குமாக ஆண்டில் இருபது நாள் வந்து போகிறவருக்கு, நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலும் மிச்சம் 80 யூனிட். அதற்காகக் கூடுதல் விலையும், பலகை பழுதாகும் அபாயமும் தேவையில்லை. ஊரிலேயே குடியிருந்து 120 இரவு ஓட்டுகிறவருக்கு அதே கணக்கில் 480 யூனிட் மிச்சமாகும். அவர் இன்வெர்ட்டரே வாங்க வேண்டும். 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 பாகையில் தொடங்கும்படி அமைந்து வருகின்றன; அதிலேயே விட்டு மேலே விசிறியைச் சுற்றவிட்டால் இரண்டு வகையிலும் செலவு இறங்கும்.

பொருத்தும் வேலையில் கடினம் எடை மட்டுமே. ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். இருவர் தூக்க வேண்டும், வெளியே ஒருவர் தாங்கியருகே நிற்க வேண்டும். பெட்டி பின்பக்கம் சற்றே, ஒரு சென்டிமீட்டர் அளவு, தாழ்ந்திருந்தால் தண்ணீர் சந்துப் பக்கம் வடியும்; முன்பக்கம் தாழ்ந்தால் ஆத்தங்குடித் தரையில் சொட்டும். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே ஓட்ட வேண்டும். மின்கம்பியை மட்டும் நான் தொடவில்லை. மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய மின்கம்பியில் ஏசியைக் கோர்ப்பது தீயை விலைக்கு வாங்குவதாகும் என்பதால், மீட்டர்ப் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும், சரியான எர்த்தும் உரிமம் உள்ள மின்பணியாளர் வைத்தே இழுத்தேன்.

சாதாரண வகை ஒன்றரை டன் ஜன்னல் ஏசி இப்போது அந்த ஜன்னலில் ஓடுகிறது. பின்பக்கத்தில் அணில் நுழையாதபடி அகலக் கண்ணிக் கம்பிவலை கட்டியிருக்கிறேன். இரைச்சல் உண்டு, ஜன்னலின் கீழ்ப்பாதி வெளிச்சமும் போய்விட்டது. மாடியில், பிற்காலத்தில் சிமென்ட்டில் கட்டிய ஒன்பது அங்குலச் சுவர் அறைக்கு மட்டும் ஸ்பிளிட் போடலாம் என்று பங்காளிகளுக்கு எழுதியிருக்கிறேன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து இரண்டு பேர் இன்னும் பதில் போடவில்லை.