மஸ்டா எம்எக்ஸ்-5 1.8க்கு ஃபிடான்சா அலுமினிய ஃப்ளைவீல்: சாலைக்கா, டிராக்குக்கா?

ஃப்ளைவீல் என்பது எஞ்சின் சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரம்; கிளட்ச் அதன் மேல்தான் பிடிக்கும். 1990களின் எம்எக்ஸ்-5 1.8இல் காரோடு வரும் கம்பெனி ஃப்ளைவீல் சுமார் 8 கிலோ. ஃபிடான்சா நிறுவனத்தின் அலுமினிய ஃப்ளைவீல் ஏறக்குறைய அதில் பாதி. இதை மாட்டினால் குதிரைசக்தி ஏறாது. எஞ்சின் தன்னையே வேகமாகச் சுழற்றிக்கொள்ளச் செலவாகும் விசைதான் மிச்சம். அந்த மிச்சம் கியருக்குக் கியர் மாறும். முதல் கியர் விகிதம் 3.136, டிஃபரன்ஷியல் விகிதம் 4.1, இரண்டையும் பெருக்கி வர்க்கம் எடுத்த அளவுக்கு அதன் விளைவு சக்கரத்தில் தெரியும். குறையும் எடை மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்தால், முதல் கியரில் காரிலிருந்து 70–80 கிலோ இறக்கியதற்குச் சமம். நாலாவது கியரிலோ ஏழெட்டுக் கிலோதான். அதனால் தராசு காட்டும் எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். விளிம்பில் எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

டிராக்கில், அதாவது வளைவுகள் உள்ள பந்தயத் தடத்தில், இதன் அருமை கியர் இறக்கும்போதுதான் தெரியும். ஆக்சிலரேட்டரைத் தட்டியதும் ரெவ் (எஞ்சின் சுழலும் வேகம்) எகிறி நிற்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாது. அதே குணம் நெரிசலில் தொல்லை. ஏசி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் ஐடில் (கார் நிற்கும்போதுள்ள ரெவ்) சரியும். மேட்டில் எடுக்கும்போது ரெவ் கூட்டாமல் கிளட்சை விட்டால் எஞ்சின் நின்றுவிடும். ரெவ் கூட்டிக் கூட்டி எடுத்தால் கிளட்ச் சீக்கிரம் தேயும்.

ஃபிடான்சாவில் கிளட்ச் உரசும் இடத்தில் தனி ஸ்டீல் பிளேட் திருகியிருக்கிறது. அலுமினியம் மென்மையானது, கிளட்ச் உரசலைத் தாங்காது; தேய்ந்தால் அந்தப் பிளேட்டை மட்டும் மாற்றலாம். நல்ல ஏற்பாடு.

பொருத்தும்போது அவசரம் வேண்டாம். ஃப்ளைவீல் உட்காரும் கிராங்க் ஷாஃப்ட் முகத்தில் துரு, பழைய சீலன்ட் எதுவும் இருக்கக் கூடாது. ஆறு போல்ட் துளைகளும் எண்ணெய்ப் பக்கம் திறந்தவை. மரையில் சீலன்ட் தடவாவிட்டால் எண்ணெய் கசிந்து கிளட்சை நனைக்கும், அப்புறம் கிளட்ச் வழுக்கும். எதிரெதிராக, படிப்படியாக 96–103 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். கிளட்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்டுக்கு 18–26 போதும். பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க எண்ணெய் சீல் மூன்றையும் கையோடு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு சின்ன சீலுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும்.

வார இறுதி டிராக் காருக்குத் தயங்காமல் வாங்கலாம். தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு ஏசிடி (ACT) நிறுவனத்தின் ஸ்ட்ரீட்லைட் (StreetLite) போன்ற நடுத்தர எடை ஸ்டீல்தான் எங்கள் தேர்வு. நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறும் டிராக் ரேஸ் (drag race) காருக்குக் கம்பெனி எடையே மேல்: சுழலும் கனத்தில் சேர்ந்த ஆற்றல்தான் கிளட்ச் பிடிக்கும் நொடியில் ரெவ் விழாமல் தாங்கும்.