சுவிஃப்ட் ஸ்போர்ட், கோல்ஃப் ஜி.ரி.ஐ., ஃபிற் ஆர்.எஸ்.: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எந்த வேகம்?

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டார் கார் வாங்கப் புறப்பட்டால் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று: லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், சாமான் இங்கேயே எடுக்கலாமா, நாளைக்கு விற்றால் போட்ட காசு வருமா. இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் அருமருந்தாகிவிட்டபோது, ஏ40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அமுக்க விகிதம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கிக்கொண்டன. அவற்றைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளும் ஊரிலேயே இருந்தன. ஆகவே, ‘ஓட்டச் சுகமாக இருக்குமா’ என்ற நான்காவது கேள்வியைக் கேட்க விரும்பும் என்னைப் போன்றவர்கள், முதல் மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டே அதற்கு வரவேண்டும். நான்குக்கும் ஒருசேர விடை சொல்வதற்கென்றே உருவான கார் வகை ஒன்று உண்டு. அன்றாடக் குடும்பக் காரின் உடலுக்குள் வலுவான எஞ்சினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் பொருத்திய வேக ஹட்ச்பேக் (டிக்கிக் கதவு பின் கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் கார்) அது.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறந்தது. பாவித்த கார் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால், இன்று இந்த வகைக் காரைத் தேடுபவருக்கு இரண்டு வழிகள் உள்ளன: ஜப்பானிலிருந்து புதிதாக இறக்குவது, அல்லது தடைக்கு முன்னரே நாட்டுக்குள் வந்துவிட்டவற்றுள் நல்லதொன்றைப் பொறுக்கி எடுப்பது. இந்த இரு வழிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட், வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.ரி.ஐ., ஹொண்டா ஃபிற் ஆர்.எஸ். ஆகிய மூன்றையும் இங்கே எதிரெதிராக நிறுத்திப் பார்க்கிறேன். ஹொண்டா சிவிக் ரைப் ஆர், ரொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் ஆகிய இரண்டையும் விரும்புவோர் இங்கும் உண்டு. ஆனால் அவற்றை முதலிலேயே விலக்கிவிடலாம் என்பது என் முடிவு. 2017இல் வந்த ரைப் ஆர் 320 குதிரைவலு கொண்டது. 420 லீற்றர் டிக்கியும் அதற்கு உண்டு. ஆனால் நால்வர் மட்டுமே அமரக்கூடிய அந்தக் காரின் ரயர் 245/30 அளவில் 20 அங்குலச் சில்லில் ஏறியது. அதாவது ரயரின் பக்கச்சுவர் ஏழரைச் சென்ரிமீற்றர்கூட இல்லை. 2020இல் வந்த ஜி.ஆர். யாரிஸ் 272 குதிரைவலுவும் நாற்சில்லு உந்துதலும் கொண்ட அற்புதமான பொறி. ஆனால் கதவுகள் இரண்டுதான் பக்கங்களில் உள்ளன. முழங்கால் நோவுள்ள அம்மம்மாவை அதன் பின் இருக்கையில் ஏற்றி நல்லூருக்குக் கூட்டிச் செல்ல நினைத்துப் பார்த்தால் விடை தானாக வந்துவிடும்.

இந்த வகைக்குத் தலைமகன் கோல்ஃப் ஜி.ரி.ஐ. தான். 1975இல் ஃபிராங்ஃபேர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த முதலாவது ஜி.ரி.ஐ., 1.6 லீற்றர் எஞ்சினும் 110 குதிரைவலுவும் கொண்டது; எடை ஏறத்தாழ 810 கிலோ. வலுவைக் காட்டிலும் அந்த எடைதான் அதன் இரகசியம் என்று நான் எண்ணுகிறேன். 2013 அளவில் வந்த ஏழாவது தலைமுறை ஜி.ரி.ஐ. 2 லீற்றர் டேர்போ எஞ்சினில் (காற்றை அழுத்தி ஊட்டி வலுவைக் கூட்டும் எஞ்சின்) 220 குதிரைவலுவும், நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலிருந்தே 350 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் தருகிறது. எடையோ 1,300 கிலோவைத் தாண்டிவிட்டது. மறுபக்கத்தில், 2017 செப்ரெம்பரில் ஜப்பானில் வெளிவந்த சுவிஃப்ட் ஸ்போர்ட் 1.4 லீற்றர் டேர்போ எஞ்சினில் 140 குதிரைவலு மட்டுமே தருகிறது. ஆனால் கைக் கியர் காரின் எடை 970 கிலோ. ஒவ்வொரு குதிரைவலுவும் இழுக்க வேண்டிய எடையைக் கணக்கிட்டால் சுவிஃப்டுக்கு ஏறத்தாழ 7 கிலோவும் கோல்ஃபுக்கு 6 கிலோவுக்குச் சற்று மேலும் வரும். எண்பது குதிரைவலு வித்தியாசம் தராசில் இவ்வளவாகச் சுருங்கிவிடுகிறது. முதல் ஜி.ரி.ஐ.யின் குணம் இன்று எந்தக் காரில் இருக்கிறது என்று கேட்டால், பெயரைச் சுமக்கும் காரைவிட சுவிஃப்டையே நான் காட்டுவேன்.

எங்கள் வீதிகளில் இதன் பொருள் என்ன என்பதுதான் முக்கியமானது. குடியிருப்புகளுக்கு வெளியே கார்களுக்கான சட்டவேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதிவேக வீதி எதுவும் குடாநாட்டை எட்டவில்லை. ஆகவே 100க்கும் 200க்கும் இடையில் ஒரு கார் எவ்வளவு விரைவாகப் பாயும் என்பது இங்கே பெறுமதியற்ற தகவல். 30க்கும் 70க்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. ஏ-9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, ஒற்றை வரிசையில், கல் ஏற்றிய ஒரு டிப்பருக்குப் பின்னால் 40இல் ஊர்ந்து சென்றவர்களுக்கு இது விளங்கும். எதிரே வரும் சொகுசு பஸ்ஸின் விளக்கு இன்னும் தொலைவில் இருக்கும்போதே முந்திவிட்டு இடப்பக்கம் திரும்பிச் சேர வேண்டும். அந்த வேளையில் எஞ்சின் தயங்கும் ஒவ்வொரு நொடியும் ஆபத்து. சுவிஃப்ட் ஸ்போர்ட் 230 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையை 2,500 சுழற்சியிலேயே எட்டிவிடுகிறது. மூன்றாம் கியரில் காலை அழுத்தியதும் கார் முன்னே நகர்ந்துவிடும். மூன்றாம் தலைமுறை ஃபிற் ஆர்.எஸ்., டேர்போ இல்லாத 1.5 லீற்றர் எஞ்சினில் 132 குதிரைவலு தருவது. ஆனால் அதன் 155 நியூட்டன் மீற்றர் 4,600 சுழற்சியிலும், முழு வலு 6,600 சுழற்சியிலும்தான் வருகின்றன. அதனால் முந்துவதற்கு முன்னரே இரண்டாம் கியருக்கு இறக்கி, எஞ்சினைக் கத்தவைக்க வேண்டும். கத்தும் எஞ்சினை விரும்புவோருக்கு அது இன்பம்தான், நானும் அந்த இன்பத்தை மறுக்கவில்லை. ஆனால் பின் இருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கும் இரவுப் பயணத்தில் டேர்போவின் அமைதியான இழுவையே மேலானது. கோல்ஃப் இந்த விடயத்தில் மூன்றிலும் முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் இழுவையின் பெரும்பகுதி சட்டவேகத்துக்கு அப்பால்தான் வெளிப்படும். முருகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்துவிட்டு மீண்டும் ஏறும்வரை அதன் முழுத் திறனை ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பெற்றோல் கணக்கு இந்த ஒப்பீட்டில் பலர் தவறவிடும் பகுதி. ஃபிற் ஆர்.எஸ். ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்கு அமைக்கப்பட்டது; எங்கள் 92 ஒக்ரேன் அதற்குப் போதும். சுவிஃப்ட் ஸ்போர்ட்டும் கோல்ஃபும் உயர்தர பெற்றோலைக் கேட்பவை. இங்கே அவற்றுக்கு 95 அடித்தே ஆகவேண்டும், அதுவோ எல்லாப் பெற்றோல் செட்டிலும் கிடைப்பதில்லை. டேர்போ எஞ்சினுக்குத் தரம் குறைந்த எரிபொருளை ஊற்றினால், காலத்துக்கு முந்திய எரிதலைத் தவிர்ப்பதற்காக எஞ்சினின் கணினி பற்றவைப்பைப் பின்தள்ளிவிடும்; அப்போது காசு கொடுத்து வாங்கிய வலு காணாமற்போகும். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபாவாகவும் 95 ஒக்ரேன் 550 ரூபாவாகவும் ஏறியதையும், பின்னர் கியூ.ஆர். அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியொரு காலம் மீண்டும் வந்தால் ஃபிற்றுக்காரர் மற்ற இருவரையும்விட நிம்மதியாக இருப்பார். சுவிஃப்டின் தாங்கி 37 லீற்றர் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். லீற்றருக்கு 13 கிலோமீற்றர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 480 வரும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு ஒரு தாங்கியில் போய்ச் சேரலாம்.

இனி வீட்டுப் பாவனை. சென்னையிலிருந்து பலாலியில் வந்திறங்கும் உறவினரை ஏற்றச் செல்வது இன்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சுவிஃப்ட் ஸ்போர்ட்டின் டிக்கி 265 லீற்றர். பெரிய சூட்கேஸ் ஒன்றை வைத்துவிட்டால் அடுத்ததற்குப் பின் இருக்கையின் ஒரு பக்கத்தை மடித்தே ஆகவேண்டும், அப்படி மடித்தால் ஓர் ஆள் இறங்க வேண்டியிருக்கும். கோல்ஃபின் 380 லீற்றர் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. ஆனால் இந்தச் சோதனையில் ஃபிற்றை வெல்ல மற்ற இரண்டுக்கும் இயலாது. எரிபொருள் தாங்கியை முன் இருக்கைகளுக்குக் கீழே வைத்ததால் பின்பகுதித் தளம் தாழ்ந்து கிடக்கிறது. பின் இருக்கையின் அடிப்பகுதியை மேலே தூக்கி நிறுத்தினால் நெட்டையான பொருள்கூட நிமிர்ந்து நிற்கும். சுன்னாகம் சந்தையிலிருந்து வாழைக்குலையைப் படுக்கவைக்காமல், ஒரு காயும் கன்றாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க இதைவிடச் சிறந்த அமைப்பு நான் பார்த்ததில்லை.

ஒழுங்கைகள்தான் வேக ஹட்ச்பேக்குகளுக்குச் சத்துரு. இரு பக்கமும் மதில், நடுவே மழைவெள்ளம் அரித்த பள்ளம், வளைவில் எவரோ கொட்டிவைத்த கல்லுக் குவியல் என்று இருக்கும் இடங்களில் சுவிஃப்டின் 120 மில்லிமீற்றர் தரை இடைவெளி மிகக் குறைவு. அதன் ரயர் 195/45, 17 அங்குலம். பக்கச்சுவர் 88 மில்லிமீற்றர். ஃபிற் ஆர்.எஸ்.ஸின் ரயர் 185/55, 16 அங்குலம். பக்கச்சுவர் 102 மில்லிமீற்றர். இந்த 14 மில்லிமீற்றர் வித்தியாசம் தாளில் அற்பமாகத் தோன்றும். கார்த்திகை மாத மழையொன்றில், கோண்டாவிலில் தண்ணீர் மூடிய பள்ளமொன்றை அறியாமல் இறக்கி, சுவிஃப்டின் ரயர் பக்கச்சுவர் வெடித்த இரவில்தான் அதன் பெறுமதி எனக்கு விளங்கியது. அந்த அளவு ரயர் ஊரில் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்துசேரும்வரை இரண்டு நாள்கள் கார் ஜக்கின் மேலேயே நின்றது. 16 அங்குலச் சில்லுகளுக்கு மாற்றி, சற்று உயர்ந்த பக்கச்சுவருள்ள ரயர்களைப் போட்டுக்கொண்ட பிறகு அந்தக் கார் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. திருப்பத்தின் கூர்மை சிறிதளவு மழுங்கியது உண்மை. 70க்குள் ஓடுபவருக்கு அது இழப்பாகத் தெரியாது.

கராஜ் பக்கம் வந்தால் கோல்ஃப் முற்றாகப் பின்தங்கிவிடுகிறது. தரம் குறைந்த கார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் வேலைப்பாடு மூன்றிலும் அதுவே உயர்ந்தது. ஆனால் அதன் டி.எஸ்.ஜி. என்னும் ஆறு கியர் தானியங்கிப் பெட்டி எண்ணெயில் மூழ்கிய இரட்டைக் கிளச்சுகளால் இயங்குவது. ஏறத்தாழ 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை உரிய எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும், எண்ணெய் மட்டத்தைக் குறித்த வெப்பநிலையில் கணினி வழியாகப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். கை பழகிய மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உரிய கருவி இல்லாமல் இந்த வேலை நடவாது. சுவிஃப்டும் ஃபிற்றும் இந்த ஊர் மெக்கானிக்குகளுக்கு உறவினர் போன்றவை. கண்ணாடி, கதவு, பிரேக் சாமான் பலவும் சாதாரணக் கார்களிலிருந்தே கிடைக்கும். சுவிஃப்ட் ஸ்போர்ட்டின் 1.4 டேர்போ எஞ்சின் விற்றாராவிலும் உள்ளதால் எஞ்சின் சாமான்களுக்கும் வழி உண்டு. ஆனால் ஸ்போர்ட்டுக்கென்றே மொன்ரோ நிறுவனம் செய்த அதிர்வுதாங்கிகளுக்குச் சாதாரணச் சுவிஃப்டின் சாமான் ஈடாகாது, அவற்றுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைப்பது நல்லது.

வரியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. எஞ்சினின் கன அளவுக்கு ஏற்ப, ஒவ்வொரு சி.சி.க்கும் இவ்வளவு என்று உற்பத்தி வரி விதிக்கப்படுகிறது; அளவு கூடக்கூட அந்த வீதமும் ஏறுகிறது. 1,371 சி.சி. சுவிஃப்டுக்கும் 1,984 சி.சி. கோல்ஃபுக்கும் இடையிலான வரி இடைவெளி அதனால் மேலும் விரிந்துவிடுகிறது. ஃபிற் ஆர்.எஸ்.ஸில் சிக்கல் வேறு: மூன்றாம் தலைமுறை 2020உடன் முடிந்துவிட்டதால் அதைப் புதிதாக இறக்க முடியாது, 2022இல் திரும்பிவந்த ஆர்.எஸ்.ஸில் கைக் கியர் இல்லை, பெற்றோல் காருக்கு சி.வி.ரி. என்னும் தானியங்கிக் கியர் மட்டுமே. கைக் கியரில்லாத ஆர்.எஸ்.ஸை என்னால் அந்தப் பெயரால் அழைக்க இயலவில்லை.

ஆகவே, வீட்டுக்கு ஒரே கார், அதில் பெற்றோரும் பிள்ளைகளும் மூட்டைமுடிச்சும் ஏற வேண்டும், 92 ஒக்ரேனிலேயே ஓட வேண்டும் என்பவர், நாட்டுக்குள் ஏற்கெனவே உள்ள ஃபிற் ஆர்.எஸ். கைக் கியர் காரைத் தேடிப் பிடிக்கட்டும். காத்திருந்து எடுக்கும் தகுதி அதற்கு உண்டு. நானோ சுவிஃப்டையே எடுத்தேன், இன்னொரு முறை வாங்கினாலும் அதையே எடுப்பேன். காலையில் பண்ணைப் பாலத்தைத் தாண்டி ஊர்காவற்றுறைப் பக்கம், இரு புறமும் கடல் விரிந்த வெற்று வீதியில், 60இல் மூன்றாம் கியரில் போகும்போதே அந்தக் கார் உயிருள்ளதாகத் தோன்றுகிறது. அந்த உணர்வுக்குச் சட்டத்தை மீற வேண்டியதில்லை.

பாவித்த சுவிஃப்ட் ஸ்போர்ட்டைப் பார்க்கப் போகிறவர்கள், எஞ்சினைத் திறப்பதற்கு முன் தரையில் ஒரு சாக்கை விரித்துக் காருக்குக் கீழே பாருங்கள். முன் பம்பரின் அடி உதடு எவ்வளவு உரசியிருக்கிறது என்பது அந்தக் கார் எந்த ஒழுங்கைகளில் ஓடியது என்பதைச் சொல்லும். சில்லுகளின் உட்பக்க விளிம்பில் நெளிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் நின்ற காரானால் பின் அச்சிலும் பிரேக் குழாய்களின் இணைப்புகளிலும் உப்புக்காற்றின் துரு முதலில் பிடித்திருக்கும். கடைசியாக, எஞ்சின் எண்ணெய் மாற்றிய திகதிகளைக் கேளுங்கள். டேர்போவின் தண்டு அந்த எண்ணெயில்தான் மிதந்து சுழல்கிறது, அந்தத் திகதிகளைச் சொல்லத் தெரியாதவரிடம் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.